விரலில் ஒட்டிய கரி

தஞ்சை நகரின் கீழ்ப்பகுதியில் உள்ள நம் வீட்டில், விடியற்காலைத் தொழுகைக்குப் பின் நாள்தோறும் ஒரு சோதனை நடைபெறும். நம் துணைவியார் மொட்டை மாடிக்கு ஏறிச் செல்வார். கைப்பிடிச் சுவரின் மேல் வலக்கைச் சுட்டுவிரலால் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுப்பார். பிறகு அவ்விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். விரல் கறுத்திருந்தால் அன்று துவைத்த துணி கூடத்துக் கொடியில். வெளுத்திருந்தால் மாடிக் கொடியில். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறுவதைப் பார்த்து மழைக்குறி சொல்லும் உழவனைப் போல, இந்தக் குறியை அவர் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பார்த்து வருகிறார். குறி தவறியதில்லை.

விரலில் ஒட்டுவது வேறொன்றுமன்று, உமிக் கரி. நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அரிசி ஆலை இருக்கிறது. புழுங்கலரிசி உண்ணும் நாட்டில் நெல்லை அவிக்காமல் தீராது. நெல்லை ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்தி, அதன் பின்னரே அரைக்க வேண்டும். அந்த நீராவிக்கு வேண்டிய நெருப்பை நெல்லே தருகிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் அதில் மீண்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். ஆக, 100 கிலோ நெல்லின் உமி முழுதும் எரிந்தால் 4 கிலோ சாம்பல். சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிகா என்னும் மணற்சத்து. அதனால்தான் நம் முன்னோர் உமிக்கரியால் பல் துலக்கினர். பெண்டிர் பாத்திரம் துலக்கினர். பல்லுக்கு நன்மை செய்த பொருள் மூச்சுக்கும் நன்மை செய்யும் என்று யாரும் சொன்னதில்லை. சாம்பலெல்லாம் அடுப்பின் அடியிலேயே தங்கிவிடுவதும் இல்லை. நெருப்பின் வேகத்தில் ஒரு பகுதி புகைபோக்கி வழியே ஏறி, காற்றடித்த பக்கம் சென்று, யார் வீட்டு மாடி என்று கேளாமல் இறங்குகிறது.

புகை நமக்குப் புதிதன்று. நம் நன்னியின் அடுப்படியில் விறகும் வறட்டியும் எரிந்தன; சில நாள் உமி அடுப்பும் எரிந்தது. அடுப்பூதி ஊதிச் சிவந்த கண்களோடுதான் நன்னியை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆயினும் அப்புகைக்கு அந்த வீட்டிலேயே ஒரு வழியும் இருந்தது. நடு முற்றம் வானம் பார்த்துத் திறந்து கிடந்தது. ஓட்டுக் கூரையில் புகைக்கூண்டு இருந்தது. புகையை உண்டாக்கியவரும் அதனால் இருமியவரும் ஒருவரே. இன்று நாம் சொல்ல வந்த புகையின் கதை வேறு. அதை உண்டாக்குபவர் ஒருவர். அதற்கேற்பத் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்பவர் வேறொருவர்.

எத்தனை பழக்கங்கள் மாறின என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தோம். கோடை இரவுகளில் மாடியில் பாய் விரித்து உறங்குவது முதலில் நின்றது. விடியற்காலையில் எழுந்தால் தலையணை உறையில் நம் தலையின் வடிவம் வெளுப்பாகவும், சுற்றிலும் சாம்பல் நிறமாகவும் தெரியும். பின்னர்த் தண்ணீர்த் தொட்டிக்கு இறுக்கமான மூடி வந்தது. வெள்ளிக்கிழமைக்கு உடுத்தும் வெள்ளை வேட்டியும் சட்டையும் கூடத்து மின்விசிறிக் காற்றில் உலரத் தொடங்கின. மாடிப்படியில் செருப்பில்லாமல் ஏறிய குழந்தைகள் செருப்போடு ஏறினர். இறுதியில் சன்னல்கள் மாறின. மரக்கதவும் கம்பியுமாக இருந்தவற்றை எடுத்துவிட்டு, நகர்த்தி மூடும் கண்ணாடிச் சன்னல்களைப் பொருத்தினோம். அச்செலவை நாம் ஒரு நோன்புப் பெருநாள் செலவைத் தள்ளிவைத்துச் செய்தோம் என்பதை இங்கே சொல்லிவிடுவதில் வெட்கமில்லை.

சன்னல் மாற்றத்துக்குக் காரணம் நம் பேத்தி. அவளுக்கு மூன்று வயதில் இளைப்பு வந்தது. மார்கழி, தை மாதங்களில் பின்னிரவில் நெஞ்சுக்கூடு பூனையின் தொண்டை போல் ஒலிக்கும். குழந்தை மருத்துவர் மருந்து கொடுத்தார்; மூச்சில் இழுக்கும் குழாயும் கொடுத்தார். அதோடு நம்மை நோக்கி, "விடியற்காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உலாவப் போகாதீங்க, வெயில் ஏறின பிறகு போங்க" என்றார். விடியற்காலைக் காற்று உடம்புக்கு அமுதம் என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது தலைகீழ்ப் பாடமாக இருந்தது. பிறகே விளங்கிற்று. குளிர்காலத்து இரவில் நிலம் குளிர, நிலத்தையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுகிறது. ஆலைப் புகையும் வண்டிப் புகையும் குப்பை எரித்த புகையும் அந்த மூடிக்குள் அடைபட்டுக் கிடந்து, ஞாயிறு ஏறி நிலம் சூடேறிய பின்னரே மேலெழுகின்றன. புது ஆற்றங்கரையில், அதாவது கல்லணைக் கால்வாயின் கரையில், முப்பதாண்டுகளாக விடியலில் நடந்த நாம் நடையை மாலை அசருக்குப் பின் மாற்றிக்கொண்டோம். நம்மைப் போலவே நேரம் மாற்றியவர்கள் நால்வரை அங்கே கண்டோம். யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

சன்னலை மூடிய கையோடு நாம் செய்த அறிவீனம் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெளிப்புகை வராதபடி அடைத்த அறையில், கொசுவுக்காகச் சுருள் ஏற்றி வைத்தோம். வியாழன் இரவில் சாம்பிராணியும் போட்டோம். நம் புகை நறுமணம் உடையதாகையால் அது புகையென்றே தோன்றவில்லை!

இம்மாற்றங்களெல்லாம் வசதியுடையார்க்கு இயன்றவை. எதிர் வீட்டின் மேல்மாடியில் ஒரு பெண்மணி குடியிருந்தார், கணவரை இழந்தவர். கூழ்வற்றல், வடகம், மோர்மிளகாய் முதலியவற்றை மாடியில் காயவைத்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தவர். ஒரு தை மாதத்துக் காலையில் அவர் நம் துணைவியாரிடம் வந்து ஒரு தட்டு வற்றலை நீட்டினார். "அக்கா, இதப் பாருங்க. மிளகு அரைச்சுப் போட்ட மாதிரி இருக்குன்னு கடைக்காரர் திருப்பிட்டாரு. நான் மிளகே போடலக்கா" என்றார். முதலில் கொசுவலைத் துணியை மேலே கட்டிப் பார்த்தார்; வலைக்குள்ளும் கரி இறங்கியது. பிறகு ஆலை ஓயும் நண்பகல் வேளையில் மட்டும் காயவைத்தார். வற்றல் காய இரண்டு நாள் ஆவது நான்கு நாள் ஆயிற்று. நமக்கு மாடி என்பது துணி காயும் இடம். அவருக்கோ அது பட்டறை. பட்டறையை உள்ளே கொண்டுபோய் மின்விசிறியின் கீழ் வைக்க முடியுமா? அடுத்த ஆண்டு வல்லம் சாலைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

நம் வட்டாரத்தார்க்குப் புகைமூட்டம் என்ற சொல் உள்ளூரிலிருந்து வந்ததன்று. சபுர் போனவர்கள் கொண்டுவந்தது. அய்யம்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை, கூத்தாநல்லூர் என எந்த ஊரை எடுத்தாலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கால் பதிக்காத குடும்பம் அரிது. நம் சின்னத்தா கோலாலம்பூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். 1997 செப்டம்பரில் சுமத்திராவிலும் போர்னியோவிலும் காடும் கரிநிலமும் எரிந்த புகை கடல் கடந்து மலேசியாவை மூடியது. போர்னியோத் தீவிலுள்ள சரவாக்கில் நெருக்கடி நிலையே அறிவிக்கப்பட்டது. அதன் தலைநகர் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக் குறியீடு 839 வரை ஏறியது. 300-ஐத் தாண்டினாலே ஆபத்து என்பது அங்குள்ள கணக்கு. சின்னத்தா அந்நாள்களைப் பற்றிச் சொன்னவற்றுள் நம் நெஞ்சில் நின்றது நோயைப் பற்றியதன்று, வாடிக்கையாளரைப் பற்றியது. "ஐந்தடிப் பாதையில உட்கார்ந்து மணிக்கணக்காத் தேத்தண்ணி குடிச்சவன் எல்லாம் ஒரே வாரத்துல மாறிட்டான். வாசல்ல நின்னு பொட்டலம் கட்டி வாங்கிட்டு ஓடுறான். புகை போன பிறகும் பாதிப் பேரு பொட்டலக்காரனாவே ஆயிட்டான்" என்பார்.

2013 சூன் 21-ஆம் நாள் சிங்கப்பூரில் குறியீடு 401-ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து மலேசியாவின் மூவாரில் 746. நம் தங்கை மகன் அப்போது சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்தான். நகரத்தார் கடைகளில் முகக்கவசம் தேடி வரிசையில் நின்றதையும், கைத்தொலைபேசியில் மணிக்கொருமுறை எண்ணைப் பார்த்து வெளியே போவதா வேண்டாமா என்று முடிவு செய்ததையும் அவன் தொலைபேசியில் விவரித்தான். "உங்களுக்கு வேலையை நிறுத்தினார்களா?" என்று கேட்டோம். "எங்களுக்கு மாஸ்க் குடுத்தாங்க மாமா" என்றான். அந்த மறுமொழியில் குறையேதும் தொனிக்கவில்லை. ஒரத்தநாட்டிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் கடன் வாங்கிப் போன பிள்ளைகளுக்கு, வேலை நிற்பதைவிட மூச்சு முட்டுவது மேல்.

நகரத்தார் காற்றைப் பார்த்துத் தம் நடையை மாற்றிக்கொள்வதை அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் புகை எச்சரிக்கை விடப்படும் நாளில் விலங்குக்காட்சிச் சாலைக்கும் வானோக்குக் கூடத்துக்கும் வருவோர் தொகை குறைகிறது. எச்சரிக்கை அடுத்த நாளும் தொடர்ந்தாலோ, இரண்டாம் நாள் அந்த அளவுக்குக் குறைவதில்லை. 2009-இல் வெளிவந்த இவ்வாய்வைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாள் வீட்டில் அடைந்து கிடக்கலாம். மறுநாளும் கிடக்கச் சொன்னால் பிள்ளைகள் விடுவார்களா? டில்லியிலும் இதுவே கதை. 2017 டிசம்பரில் அங்கு ஆட வந்த இலங்கைக் கிரிக்கெட் வீரர்கள் முகக்கவசம் அணிந்து களத்தில் நின்றதைக் கண்டு பார்வையாளர் பலர் ஏளனம் செய்தனர். அதே காற்றை நாள்தோறும் அருந்துவோர்க்கு, விருந்தாளியின் முகக்கவசம் நாடகமாகத் தோன்றியது. பழகிய மூக்குக்கு நாற்றம் தெரியாது அல்லவா?

இனி நம் தெருவுக்குத் திரும்புவோம். கண்ணாடிச் சன்னல் பொருத்திய சில திங்களில் தெரு இளைஞர் மூவர் ஒரு மனுவோடு வந்தனர். ஆலையின் கரியைக் கட்டுப்படுத்துமாறு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிய மனு அது. நாற்பது கையெழுத்துக்கு மேல் விழுந்திருந்தது. "பெரியவங்க கையெழுத்து வேணும்" என்றனர். நாம், "வச்சிட்டுப் போங்க தம்பி, பார்ப்போம்" என்றோம். பார்க்கவில்லை. ஆலைக்காரர் வெள்ளிக்கிழமைதோறும் நம்மோடு ஒரே வரிசையில் தோளொட்டி நிற்பவர். நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு அரிசி மூட்டை அனுப்புபவர். நம் இரண்டு வேலி நிலத்து நெல்லையும் பல ஆண்டு அவரே வாங்கியிருக்கிறார். இவையெல்லாம் காரணம் என்று அப்போது நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மைக் காரணம் வேறு: நம் சன்னல் மூடிவிட்டது. பேத்தி அந்தத் தையில் ஒருமுறைதான் இளைத்தாள். வலி குறைந்தவனுக்கு மனு எதற்கு?

அவ்வாண்டு ஐப்பசியில் நடந்ததைச் சொன்னால் கதை விளங்கும். பாபநாசத்துக்குத் தெற்கே உள்ள நம் நிலத்தில் குறுவை அறுவடை முடிந்திருந்தது. குத்தகைதாரர் தொலைபேசியில் அழைத்தார். அறுவடை எந்திரம் தாளை நசுக்கி வயலெங்கும் இறைத்துவிட்டுப் போய்விட்டது; மழையில் நனைந்த வைக்கோலை வாங்க ஆளில்லை; வீட்டில் மாடு இல்லை; தாளடி நடவுக்கு நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. "கொளுத்திடட்டுமா பாய்?" என்றார். எந்திரம் வருவதற்கு முன் கையால் அறுத்து, கட்டி, அடித்து, போர் போட்ட காலத்தில் வைக்கோல் செல்வமாயிருந்தது. கறவைக்கும் உழவு மாட்டுக்கும் அதுதான் ஓராண்டுத் தீனி. மாடு போய் டிராக்டர் வந்தபின் அது குப்பை. நாம் அதிகம் சிந்திக்கவில்லை. "செய்யுங்க" என்றோம்.

இரண்டு நாள் கழித்துக் கணக்குப் பார்க்க ஊருக்குப் போய்விட்டு மாலையில் பேருந்தில் திரும்பினோம். நம் வயல் மட்டும் எரியவில்லை. சாலையின் இருபுறமும் அங்கங்கே எரிந்துகொண்டிருந்தது. வெண்புகை சாலையின் குறுக்கே சுவர்போல் படுத்திருந்தது. ஓட்டுநர் பகலிலேயே விளக்கைப் போட்டார். பேருந்துக்குள் ஒரே சமயத்தில் படபடவென்று ஓர் ஓசை: பயணிகள் அனைவரும் சன்னல் கதவுகளை இறக்கினர். யாரும் யாரையும் வையவில்லை. எவன் கொளுத்தினான் என்று ஒருவரும் கேட்கவில்லை. முன் இருக்கையில் இருந்த தாய் முந்தானையால் கைக்குழந்தையின் முகத்தை மூடினாள். நாமும் நம் சன்னலை இறக்கினோம். கொளுத்தியவர்களுள் ஒருவர் அந்தப் பேருந்தில் உட்கார்ந்து சன்னலை இறக்கிக்கொண்டிருக்கிறார் என்பது நம் ஒருவருக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்தால் பேத்திக்கு இளைப்பு. அது வயற்புகையால் வந்தது என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை. பருவ மாற்றத்தாலும் வரும் என்றார் மருத்துவர். ஆயினும் இரவு முழுவதும் அவள் மார்பில் கை வைத்து உட்கார்ந்திருந்த நமக்குச் சான்று தேவைப்படவில்லை.

மறுநாள் இஷாவுக்குப் பின் ஆலைக்காரரை அவருடைய வீட்டில் சந்தித்தோம். கோபமாகப் பேச நமக்கு யோக்கியதை இல்லையாதலால் மெல்லவே பேசினோம். மாடிக் கரியைச் சொன்னோம், குழந்தையைச் சொன்னோம், வற்றல் போட்ட அம்மையாரைச் சொன்னோம். நம் வயலைக் கொளுத்தியதையும் சொன்னோம். அவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, "அண்ணே, ஆறேழு வருசம் முன்ன தெருவுல ரெண்டு மூணு பேரு சத்தம் போட்டாங்க. அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் சன்னலை மாத்திக்கிட்டீங்க, துணியை உள்ளே போட்டுக்கிட்டீங்க. நானும் கரி குறைஞ்சு போச்சுன்னுல நெனச்சேன்" என்றார்.

இதைக் கேட்டு நாம் வாயடைத்துப் போனோம். அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறோம். ஆலையின் முற்றத்தில் இருப்பவருக்குக் கரி தெரிவது தெருவாரின் முகத்தில்தான். நாமெல்லாம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றால் அவர் எங்ஙனம் அறிவார்?

வீட்டுக்கு வந்து அந்த மனுவைத் தேடினோம். அது எப்போதோ பழைய தாளோடு போய்விட்டிருந்தது. இளைஞர்கள் வேறு பிரதி எழுதி, நம் பெயரின்றியே அனுப்பியும் விட்டார்கள் என்பது பின்னர்த் தெரிந்தது. சில மாதங்களில் ஆலையில் புகைபோக்கி உயர்ந்தது. அதன் அடியில் புனல் போன்ற இரும்புக்கலம் ஒன்றும் வந்தது. புகையை அதற்குள் சுழற்றிவிட, கனத்த சாம்பல் ஓரத்தில் மோதிக் கீழே விழுகிறது. நம் பேச்சால் வந்ததா, இளைஞரின் மனுவால் வந்ததா என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் கரி பெரும்பாலும் நின்றது. மயிரிழையின் முப்பதில் ஒரு பங்கு பருமனுள்ள நுண்தூசியும் அக்கலத்தில் அவ்வாறே விழுகிறதா என்றால், அப்படியில்லை. இவ்வகைக் கலம் பிடிப்பது பெருந்தூளையே. நம் துணைவியாரின் விரலும் அதற்குமேல் காட்டாது.

வயலைப் பொறுத்தவரை, மறு ஆண்டு வைக்கோல் கட்டும் எந்திரத்தைக் குத்தகைதாரர் பிடித்தார். அது வயலில் ஓடி உருளை உருளையாகக் கட்டிப் போடுகிறது. கட்டுகள் லாரியேறி மாடு வளர்க்கும் வெளி மாவட்டங்களுக்குப் போகின்றன. மழை முந்திக்கொண்ட ஆண்டில் அந்த எந்திரம் சேற்றில் இறங்க முடியாமல் வரப்போரம் நின்றுவிட்டது. அப்போது குத்தகைதாரர் மீண்டும் தொலைபேசியில் அழைத்தார். இம்முறை தாளைச் சேற்றிலேயே மடக்கி உழச் சொன்னோம். கூடுதல் உழவுக்கூலி நம் கணக்கில். அவர் நம்மைச் சற்று வேடிக்கையாகத்தான் பார்த்திருப்பார்.

போன பங்குனியில் வல்லம் சாலைக்குப் போன அந்தப் பெண்மணி மகளின் திருமண அழைப்போடு வந்தார். நம் துணைவியார் அவரைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துச் சென்றார். கைப்பிடிச் சுவரில் அவர் தம் விரலாலேயே கோடு இழுத்தார். திருப்பிப் பார்த்தார், முந்தானையில் துடைத்துவிட்டு இன்னோரிடத்தில் மீண்டும் இழுத்தார். "இப்ப நல்லாத்தான் இருக்குக்கா" என்றார். பழைய மாடியை எதிரே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே வேறு குடித்தனக்காரர் இரும்புத் தகட்டால் கூரை போட்டிருந்தனர்.

"அங்கேயே பழகிப் போச்சு, கடைக்காரங்களும் அந்தப் பக்கமே கெடச்சிட்டாங்க" என்று சொல்லி இறங்கினார். நம் மாடிக் கொடியின் ஆணி துருப்பிடித்து ஒடிந்து கிடந்ததை அன்றுதான் நாமும் கவனித்தோம். துணிகள் கூடத்தில் மின்விசிறியின் கீழ் ஆடிக்கொண்டிருந்தன.